ஒரே ஆர்டருக்கு இரண்டு பில்: பப்-சப் முதன்முறையாகப் போடுகிறவர்களுக்கு

ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன். "தம்பி, இந்த ஆர்டருக்கு ஏன் ரெண்டு பில் நம்பர் போயிருக்கு?" ஒன்று என்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். தேடிப் பார்த்தால் நாற்பத்தொரு ஆர்டர். ஜிஎஸ்டி பில்லுக்குத் தொடர் எண் வேண்டும். ஒரு நிதியாண்டில் அந்த எண் ஒருமுறைதான் வரலாம். அடித்த பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போக முடியாது. ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் நோட் போட்டோம். பில் போடும் அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் அப்போது வேலை பார்த்தது வண்டி உதிரிபாகங்களை ஆன்லைனில் விற்கும் ஒரு சிறிய இடத்தில். ஆர்டர் உறுதியானதும் எஸ்எம்எஸ் போக வேண்டும், பில் அடிக்க வேண்டும், கையிருப்பைக் குறைக்க வேண்டும், கூரியரில் பதிய வேண்டும். நான்கும் ஒரே ஃபங்ஷனில் வரிசையாக ஓடின. கூரியர்காரர் சர்வர் இருமினால் எங்கள் வாடிக்கையாளர் திரையில் சக்கரம் சுற்றும். இதைப் பிரிக்கலாம் என்று பப்ளிஷ்-சப்ஸ்கிரைப், சுருக்கமாக பப்-சப், பக்கம் போனேன். பிரித்தது சரிதான். பிரித்த விதத்தில்தான் தப்பு. அந்தத் தப்புகளை நீங்களும் ஒருமுறை செய்து கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதற்காக, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உங்களுக்கு இது வேண்டுமா என்று பாருங்கள்

பப்-சப் என்றால் இவ்வளவுதான்: "ஆர்டர் உறுதியானது" என்று ஒரு பகுதி அறிவிக்கிறது. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கேட்க விரும்பும் ஒவ்வொரு பகுதிக்கும் அந்த மெசேஜின் ஒரு பிரதி போகும்.

கேட்பது ஒரே ஒரு ஆள் என்றால் உங்களுக்கு வேண்டியது சாதாரண ஜாப் க்யூ, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிள், அதைச் சில விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் ஒரு ஸ்கிரிப்ட், தீர்ந்தது. இரண்டு மூன்று பேர் கேட்கிறார்கள், நாளை நான்காவது ஆள் வருவார், அவருக்காக ஆர்டர் கோடைத் தொடக் கூடாது என்றால் மேலே படியுங்கள். விடை உடனே கையில் வேண்டிய வேலையை மட்டும் பப்-சப்பில் போடாதீர்கள். "கையிருப்பு இருக்கிறதா" என்பது கேள்வி. கேள்வியை நேரடியாகத்தான் கேட்க வேண்டும்.

2. எதை எடுப்பது

நான் முதலில் எடுத்தது, தரவை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸ் என்ற மென்பொருளின் பப்-சப். ஏற்கெனவே கேஷுக்காக (அடிக்கடி வேண்டிய தரவைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க) ஓடிக்கொண்டிருந்தது, பப்ளிஷ், சப்ஸ்கிரைப் என்று இரண்டே கட்டளை, பதினைந்து நிமிடத்தில் வேலை செய்தது. மறுநாள் எஸ்எம்எஸ் சர்வரை டெப்ளாய் செய்தேன், அதாவது புதிய கோடை ஏற்றினேன். அது எழுந்து நிற்க இருபது விநாடி. அந்த இருபது விநாடியில் வந்த ஆர்டர்களுக்கு எஸ்எம்எஸ் போகவே இல்லை. ரெடிஸ் மேல் குற்றமில்லை. அதன் பப்-சப் எதையும் சேர்த்து வைக்காது. அந்த நொடி கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் கொடுக்கும், யாரும் இல்லையென்றால் காற்றோடு போகும். பப்ளிஷ் கட்டளை எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. எனக்கு அது பூஜ்யம் என்றே சொல்லியிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

திரையில் ஓடும் ஸ்கோர், சாட்டில் "டைப் செய்கிறார்" போன்ற, போனால் போகட்டும் என்ற வகைக்கு ரெடிஸ் பப்-சப் அருமை. பணம் சம்பந்தப்பட்டதற்கு வேண்டாம். ரெடிஸிலேயே நிற்க வேண்டும் என்றால் 5.0 பதிப்பிலிருந்து ஸ்ட்ரீம்ஸ் இருக்கிறது. அது சேர்த்து வைக்கும், யார் எதை முடித்தார் என்ற கணக்கும் வைக்கும்.

போஸ்ட்கிரஸின் லிசன்-நோட்டிஃபையும் இதே குணம்தான்: கேட்க ஆள் இல்லாவிட்டால் போச்சு. ஒரு நோட்டிஃபையில் 8000 பைட்டுக்குள்தான் அனுப்ப முடியும். நடுவில், டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்சாக்ஷன் மோடில் வைத்திருந்தால் லிசன் வேலை செய்யாது. "டேபிளைப் போய்ப் பார்" என்று தட்டி எழுப்ப மட்டும் பயன்படுத்தலாம்.

மெசேஜ்களைச் சேர்த்து வைத்துத் தரும் மென்பொருள்களில் காஃப்கா பெரிய யானை. கட்டிப் போட ஆள் இருந்தால் வாங்குங்கள். ராபிட்எம்க்யூ நன்றாக இருக்கும், ஆனால் அந்த சர்வரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் இருந்தது இரண்டரை ஆள். அந்த அரை ஆள் நான், மற்ற பாதி நேரம் பிரிண்டர் சரிசெய்வேன். அதனால் கூகுள் கிளவுட் பப்-சப்புக்குப் போனோம். இனி வரும் எண்கள் எல்லாம் அதற்குரியவை. அமேசானின் எஸ்என்எஸ், எஸ்க்யூஎஸ் ஜோடியை எடுத்தால் பெயர்களும் எண்களும் மாறும், விழும் குழிகள் மாறாது.

3. கோடு எழுதும் முன் ஒரு பக்க ஆவணம்

சலிப்பான வேலைதான், ஆனால் தாண்டாதீர்கள். மெசேஜில் என்னென்ன இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதி, அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். எங்களுடையதில் இருப்பவை: நிகழ்வு எண், நிகழ்வின் பெயர், பதிப்பு எண், நடந்த நேரம், ஆர்டர் எண், தொகை. அவ்வளவுதான். முகவரி, பொருள் பட்டியல் எல்லாம் வேண்டுமென்றால் ஆர்டர் எண்ணை வைத்து எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மெசேஜ் 10 எம்பி வரை போகலாம் என்பதற்காக பிடிஎஃப்பை உள்ளே திணிக்காதீர்கள்.

நிகழ்வு எண் நீங்கள் உருவாக்கியதாக இருக்க வேண்டும். கூகுள் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஓர் எண் தரும். அதை நம்பி இருக்காதீர்கள். உங்கள் கோடு நெட்வொர்க் தடுமாறியதால் ஒரே நிகழ்வை இரண்டு முறை அனுப்பினால் கூகுள் இரண்டு வேறு எண் கொடுக்கும். அதன் கண்ணில் அவை இரண்டு மெசேஜ். நாங்கள் ஆர்டர் எண்ணோடு நிகழ்வின் பெயரை ஒட்டி வைத்தோம். எத்தனை முறை அனுப்பினாலும் அது மாறாது.

தொகையைப் பைசாவில், முழு எண்ணாக வையுங்கள். ரூபாயைப் புள்ளி போட்டு அனுப்பினால் எங்கேயாவது ஒரு பைசா கழன்று விழும்.

நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) அனுப்புங்கள், பில் தேதி போடும் இடத்தில் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். மறந்தால் என்ன ஆகும்? ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு வந்த ஆர்டர் யுடிசியில் மார்ச் 31 இரவு 8:30. பில் போன நிதியாண்டில் போய் உட்காரும். இதை நான் செய்யவில்லை, செய்ய இருந்தேன். மார்ச் 28 அன்று கண்ணில் பட்டது.

ஒரு விதி: இருக்கும் பெயரை மாற்றாதீர்கள், நீக்காதீர்கள், புதிதாகச் சேர்க்க மட்டும் செய்யுங்கள். நீங்கள் மாற்றிய நொடியில் பழைய வடிவ மெசேஜ் ஏதாவது வழியில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

4. கணக்கும் அனுமதியும்

பில்லிங் கணக்குக்கு கார்டு வேண்டும். நிறுவனத்தின் பெயரில் ஜிஎஸ்டி எண்ணைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், பின்னால் மாற்றக் கணக்குப் பிரிவோடு அலைய வேண்டாம். பிறகு ஒரு ப்ராஜெக்ட், அதில் பப்சப் ஏபிஐயை இயக்குவது. கையில் எல்லாம் இருந்தால் அரை மணி நேர வேலை. கார்டு முதலாளியிடம் இருந்தால் அவர் ஊரிலிருந்து வரும் வரை.

சர்வீஸ் அக்கவுண்ட்டை (ஆளுக்குப் பதில் கோடு பயன்படுத்தும் கணக்கு) ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக உருவாக்குங்கள். ஆர்டர் பகுதிக்கு பப்ளிஷர் ரோல் மட்டும், பில் பகுதிக்கு அதன் சப்ஸ்கிரிப்ஷன் மேல் சப்ஸ்கிரைபர் ரோல் மட்டும். "இப்போதைக்கு எடிட்டர் ரோல் கொடுத்துவிடுவோம்" என்று எல்லோரும்தான் தொடங்குகிறோம். அந்த இப்போதைக்கு மூன்று வருடம் ஓடும். அக்கவுண்ட் சாவிக் கோப்பை இறக்கி, கோடு சேமிக்கும் கிட்டில் போட்டுவிடாதீர்கள். கூகுளின் உள்ளேயே கோடு ஓடினால் சாவிக் கோப்பே வேண்டாம்.

அனுமதி மாற்றியதும் உடனே சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று இன்னொன்றை மாற்றாதீர்கள். மாற்றம் போய்ச் சேர வழக்கமாக 2 நிமிடம், சில நேரம் 7 நிமிடமும் அதற்கு மேலும் ஆகும். நான் பொறுக்காமல் மாற்றி மாற்றி, கடைசியில் எந்த மாற்றத்தால் சரியானது என்றே தெரியாமல் போனது. டீ குடித்துவிட்டு வந்து சோதியுங்கள்.

5. டாபிக் ஒன்று, சப்ஸ்கிரிப்ஷன் எத்தனை?

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. டாபிக் என்பது அறிவிப்புப் பலகை. சப்ஸ்கிரிப்ஷன் என்பது அந்தப் பலகையிலிருந்து பிரதி எடுத்துச் சேர்க்கும் தபால் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் எல்லா மெசேஜும் வரும். ஒரே பெட்டியை மூன்று சர்வர் திறந்தால் மெசேஜ்களை மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளும்.

ஆகவே எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு சப்ஸ்கிரிப்ஷன், பில்லுக்கு ஒன்று, கையிருப்புக்கு ஒன்று, கூரியருக்கு ஒன்று. பில் சர்வரை இரண்டாக்கினால் இரண்டும் அதே பில் சப்ஸ்கிரிப்ஷனில்தான் நிற்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்: எஸ்எம்எஸ்ஸும் பில்லும் ஒரே பெட்டியில் நின்றால் பாதி ஆர்டருக்கு எஸ்எம்எஸ் போகும், மீதிப் பாதிக்குப் பில் போகும். எர்ரர் எதுவும் வராது.

சப்ஸ்கிரிப்ஷனை உருவாக்கிய பிறகுதான் அனுப்பத் தொடங்க வேண்டும். இயல்பு அமைப்பில், பெட்டி வைப்பதற்கு முன் போன மெசேஜ் அந்தப் பெட்டிக்கு வராது.

உருவாக்கும்போது மூன்று நேரக் கணக்குகளைப் பாருங்கள். முடித்துச் சொல்ல வேண்டிய கெடு: இயல்பாக 10 விநாடி, உச்சம் 600. எடுக்காத மெசேஜ் பெட்டியில் இருக்கும் காலம்: இயல்பாக 7 நாள். மூன்றாவது யாருடைய கண்ணிலும் படாதது: 31 நாள் யாரும் தொடாத சப்ஸ்கிரிப்ஷன் தானாக நீக்கப்பட்டுவிடும். அதை "எப்போதும் நீக்காதே" என்று மாற்றுங்கள். ஏன் என்பது எட்டாவது படியில்.

6. அனுப்பும் பக்கம்

ஆர்டரை டேட்டாபேஸில் எழுதிவிட்டு, பிறகு மெசேஜை அனுப்புகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் சர்வர் செத்தால் ஆர்டர் உண்டு, பில் இல்லை. சரி, முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு எழுதலாம் என்றால், எழுதுவது தோற்கும்போது பில் உண்டு, ஆர்டர் இல்லை. இடம் மாற்றிப் போட்டுப் பயனில்லை.

வழி பழையது, பெயர் அவுட்பாக்ஸ். ஆர்டர் எழுதும் அதே டிரான்சாக்ஷனில், "அனுப்ப வேண்டியவை" என்ற டேபிளிலும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து நிற்கும் அல்லது சேர்ந்து விழும். தனியாக ஒரு சிறிய புரோகிராம் அந்த டேபிளிலிருந்து எடுத்து அனுப்பட்டும், கூகுள் பெற்றுக்கொண்டேன் என்று சொன்ன பிறகு வரியில் டிக் போடட்டும். டிக் போடும் முன் அது செத்தால்? எழுந்ததும் அதே வரியை மறுபடி அனுப்பும். அதாவது இரண்டு முறை போகும். இதைத் தடுக்க முயலாதீர்கள். வாங்குகிற பக்கம் தாங்கிக்கொள்ளட்டும்.

லைப்ரரி பல மெசேஜ்களைச் சேர்த்துக் கட்டாக அனுப்பும். அனுப்பு என்று சொன்னதும் ஃபங்ஷன் திரும்பிவிடும், மெசேஜ் இன்னும் உங்கள் நினைவகத்திலேயே இருக்கும். சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, விடைக்குக் காத்திருக்காமல் முடிந்துபோனால் ஒன்றுமே போகாது. நான் அரை நாள் தேடியது இதைத்தான்.

7. வாங்கும் பக்கம்: இங்கேதான் எல்லாம்

நாற்பத்தொரு பில் எப்படி வந்தது என்பதை லாக்கிலிருந்து அப்படியே சொல்கிறேன். நாங்கள் புஷ் வகையில் வைத்திருந்தோம். கூகுள் நம் சர்வரின் முகவரிக்கு ஹெச்டிடிபியில் மெசேஜை அனுப்பும், நாம் 200 என்று பதில் சொன்னால் முடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். கெடு இயல்பான 10 விநாடி. பில் பிடிஎஃப் உருவாக மற்ற நாட்களில் மூன்று விநாடி. தீபாவளிக்கு முந்தைய வாரம், கூட்டம்.

11:02:07, மெசேஜ் வந்தது, முதல் சர்வர் பில் போடத் தொடங்கியது.
11:02:17, பதில் வராததால் கூகுளின் பார்வையில் தோல்வி.
11:02:18, அதே மெசேஜ் மறுபடி, இந்த முறை இரண்டாவது சர்வருக்கு.
11:02:21, முதல் சர்வர் 1187 என்று பில் போட்டு முடித்தது.
11:02:27, இரண்டாவது சர்வர் 1188 என்று பில் போட்டு முடித்தது.

யாரும் பொய் சொல்லவில்லை. பப்-சப் கொடுக்கும் வாக்கு "குறைந்தது ஒருமுறையாவது தருவேன்" என்பது. நான் "ஒரே ஒருமுறை" என்று படித்திருந்தேன்.

கெடுவை 60 விநாடி ஆக்கினேன், நின்றது. ஆனால் அது பாதி மருந்து. கெடுவுக்குள் முடித்தாலும் நெட்வொர்க்கில் நம் பதில் தொலைந்தால் மெசேஜ் திரும்ப வரும். முழு மருந்து டேட்டாபேஸில் இருக்கிறது.

"முடித்தவை" என்று ஒரு டேபிள். இரண்டு நெடுவரிசை: எந்தப் பகுதி, எந்த நிகழ்வு எண். இரண்டும் சேர்ந்து யூனிக், அதாவது அதே ஜோடி இரண்டாம் முறை வர முடியாது. மெசேஜ் வந்ததும் டிரான்சாக்ஷன் திறந்து முதல் வேலையாக இந்த டேபிளில் ஒரு வரி சேருங்கள், ஏற்கெனவே இருந்தால் சும்மா விட்டுவிடு என்ற "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்" போட்டு. ஒரு வரி சேர்ந்தது என்றால் நீங்கள்தான் முதல் ஆள். பில் எண்ணை எடுத்து, பில் வரியை எழுதி, கமிட் செய்து எல்லாவற்றையும் நிலைப்படுத்துங்கள். பூஜ்யம் வரி என்றால் வேறொருவர் முடித்துவிட்டார். எதுவும் செய்யாமல் முடித்ததாகப் பதில் சொல்லுங்கள். இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் வந்தால் போஸ்ட்கிரஸ் இரண்டாவதை முதலாவது கமிட் ஆகும் வரை நிறுத்தி வைக்கும். முதலாவது தோற்றுப் பின்வாங்கினால் இரண்டாவது தொடரும். ரெடிஸில் தனியாகக் கொடி நட்டு இதைச் செய்ய வேண்டாம். கொடி நட்ட பிறகு பில் தோற்றால் அந்த ஆர்டருக்குப் பில்லே வராது.

பிடிஎஃப் இந்த டிரான்சாக்ஷனுக்கு வெளியே. பில் வரி டேபிளில் இருந்தால் பிடிஎஃப்பை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். பில் எண்ணுக்கு, போஸ்ட்கிரஸ் தானாக எண் தரும் சீக்வென்ஸையும் பயன்படுத்தாதீர்கள். டிரான்சாக்ஷன் தோற்று ரோல்பேக் ஆனால் எண் திரும்ப வராது, தொடரில் ஓட்டை விழும், ஆடிட்டர் மறுபடி போன் செய்வார். நிதியாண்டுக்கு ஒரு வரி உள்ள கவுன்ட்டர் டேபிள் வைத்து, அதைப் பூட்டி எண் எடுங்கள்.

எஸ்எம்எஸ், கூரியர் பதிவு போன்றவை உங்கள் டேட்டாபேஸுக்கு வெளியே நடப்பவை. அவற்றை எந்த டிரான்சாக்ஷனும் காப்பாற்றாது. அனுப்பிவிட்டுக் குறித்தால் இரண்டு முறை போகலாம், குறித்துவிட்டு அனுப்பினால் போகாமலே போகலாம். எஸ்எம்எஸ் இரண்டு முறை போனால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அவ்வளவே. நாங்கள் முதல் வழியை எடுத்தோம். கூரியர்காரர் ஏபிஐயில் நம் எண் ஒன்றைக் கொடுக்கும் இடம் இருந்தது. அதில் நிகழ்வு எண்ணைக் கொடுத்ததும், இரண்டாவது முறை போனால் பழைய பதிவையே திருப்பித் தந்தார்கள். உங்கள் ஆட்களிடமும் இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பதிலை எப்போது சொல்வது? கமிட்டுக்குப் பிறகு. "வந்ததும் சொல்லிவிட்டு நிதானமாக வேலை செய்வோம்" என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். சொன்ன மறுநொடி சர்வர் செத்தால் அந்த மெசேஜ் உலகில் எங்கும் இல்லை.

புஷ்ஷில் இன்னும் இரண்டு குழி. மெசேஜின் உள்ளடக்கம் பேஸ்64இல் வரும், பிரிக்காமல் படித்தால் புரியாத எழுத்துக் குவியல்தான். அடுத்து, 102, 200, 201, 202, 204 தவிர எந்தப் பதிலும் "மறுபடி அனுப்பு" என்றுதான் பொருள்படும். தப்பான மெசேஜுக்கு 400 கொடுத்தால் நிராகரித்துவிட்டதாக நாம் நினைப்போம். அது திரும்பத் திரும்ப வரும். அந்த முகவரிக்கு யார் வேண்டுமானாலும் மெசேஜ் அனுப்பிவிடக் கூடாது என்பதால், கூகுள் இணைத்து அனுப்பும் டோக்கனைச் சரிபார்க்கவும் வேண்டும்.

புல் வகையில், அதாவது நாமே போய் எடுக்கும்போது, லைப்ரரி கெடுவைத் தானாக நீட்டிக்கொண்டே இருக்கும், இயல்பாக ஒரு மணி நேரம் வரை. வசதிதான். ஆனால் ஒரே நேரத்தில் 1000 மெசேஜ் வரை கையில் வாங்கிக்கொள்ளும். போஸ்ட்கிரஸின் இயல்பான இணைப்பு எண்ணிக்கை 100. மீதி என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நாங்கள் 20 என்று குறைத்தோம்.

"ஒரே ஒருமுறை தரும்" என்று ஒரு அமைப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. புல் வகைக்கு மட்டும், ஒரு பிராந்தியத்துக்குள் மட்டும். அனுப்புகிறவர் இரண்டு முறை அனுப்பினால் அதற்குத் தெரியாது. "முடித்தவை" டேபிள் எப்படியும் வேண்டும்.

8. டெட் லெட்டர்: சாவி கொடுக்காத கதவு

ஒரு மெசேஜில் ஏதோ கோளாறு, எத்தனை முறை முயன்றாலும் தோற்கும். நிமிடத்துக்கு ஒருமுறை என்றாலும் நாளைக்கு 1440 முறை, 7 நாளில் 10,080 முறை. உங்கள் கோடு முதலில் எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு அதற்குப் பிறகு தோற்கிற வகை என்றால், ஒரு எஸ்எம்எஸ் 20 பைசா என்று வைத்தாலும் ஒரே ஆர்டருக்கு ₹2016. வாங்குபவர் போனை அணைத்திருப்பார்.

அதனால் இத்தனை முறை தோற்றால் ஓரமாக எடுத்து வை என்று சொல்லலாம். 5 முதல் 100 முறை வரை வைக்கலாம். எண்ணிக்கை துல்லியமாக இருக்காது, தோராயம்தான். ஓரமாக வைக்கும் இடம் இன்னொரு டாபிக், அதற்குப் பெயர் டெட் லெட்டர் டாபிக்.

செய்ய வேண்டியவை நான்கு, நான் முதல் ஒன்றை மட்டும் செய்தேன். ஒன்று, டெட் லெட்டர் டாபிக்கை உருவாக்கிச் சப்ஸ்கிரிப்ஷனில் இணைப்பது. இரண்டு, அந்த டாபிக்குக்கு ஒரு சப்ஸ்கிரிப்ஷன் வைப்பது. பெட்டி இல்லாத பலகையில் ஒட்டினால் யாருக்கும் கிடைக்காது. மூன்று, கூகுளே உங்கள் ப்ராஜெக்ட் எண்ணோடு உருவாக்கி வைத்திருக்கும் பப்சப் சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு அனுமதி: டெட் லெட்டர் டாபிக்கில் பப்ளிஷர், மூல சப்ஸ்கிரிப்ஷனில் சப்ஸ்கிரைபர், இரண்டும். இதைக் கொடுக்காவிட்டால் மெசேஜ் ஓரத்துக்குப் போகாது, பழையபடி சுற்றிக்கொண்டே இருக்கும். நான்கு, அந்த ஓரப் பெட்டியின் காலாவதியை நீக்குவது. எல்லாம் நன்றாக ஓடினால் ஓரப் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள். 31 நாளில் அது காணாமல் போகும். 32ஆம் நாள்தான் முதலாவது கெட்ட மெசேஜ் வரும். மெசேஜ் தங்கும் காலத்தையும் 7 நாளிலிருந்து கூட்டுங்கள், பொங்கல் விடுமுறைக்குள் கரைந்துவிடக் கூடாது.

மறுமுயற்சி இடைவெளியையும் இங்கேயே மாற்றுங்கள். இயல்பு "உடனே". 10 விநாடியில் தொடங்கி 600 வரை கூடிக்கொண்டே போகும்படி வைத்தால், கூரியர்காரர் சர்வர் ஐந்து நிமிடம் படுத்தால்கூட நல்ல மெசேஜ்கள் அவ்வளவு சுலபமாக ஓரத்துக்குப் போய்விடாது.

உங்கள் கணினியில் சோதிக்க, பப்-சப் போலவே நடிக்கும் எமுலேட்டர் இருக்கிறது. ஜாவா வேண்டும், 8085 போர்ட்டில் எழும். கோடு சோதிக்க நல்லது. ஆனால் அது அனுமதிகளைப் பார்ப்பதில்லை. மூன்றாவது வேலையை மறந்தது உங்களுக்கு அங்கே தெரியவே தெரியாது. ஒரு கெட்ட மெசேஜை நிஜ ப்ராஜெக்டில் அனுப்பி, ஓரப் பெட்டியில் வந்து விழுவதைக் கண்ணால் பாருங்கள்.

9. வரிசை

மெசேஜ் அனுப்பிய வரிசையில் வரும் என்று எண்ணாதீர்கள். "ஆர்டர் ரத்து" முதலில் வந்து "ஆர்டர் உறுதி" பின்னால் வரலாம். மெசேஜோடு ஆர்டரிங் கீ என்ற அடையாளம் கொடுத்தால் அந்தக் கீக்குள் வரிசை காக்கும், ஆனால் அதைச் சப்ஸ்கிரிப்ஷன் உருவாக்கும்போதே சொல்ல வேண்டும், பின்னால் மாற்ற முடியாது. ஒரு மெசேஜ் திரும்ப வந்தால் அதே கீயில் அதற்குப் பின்னால் உள்ளவை, நீங்கள் முடித்தவையும் சேர்த்து, திரும்ப வரும். எங்களுக்கு இது தேவைப்படவில்லை. ஆர்டரின் இப்போதைய நிலையை டேட்டாபேஸில் பார்த்துவிட்டு வேலை செய்தாலே போதுமாக இருந்தது.

10. செலவு

முதலாளி கேட்கும் முதல் கேள்வி, விடை எளிது. மாதம் முதல் 10 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஒரு டிபிக்கு 40 டாலர். அனுப்புவதும் கணக்கு, ஒவ்வொரு சப்ஸ்கிரிப்ஷனுக்கும் தருவதும் கணக்கு. ஒரு கோரிக்கைக்குக் குறைந்தது 1000 பைட் என்று எடுத்துக்கொள்வார்கள், உங்கள் மெசேஜ் 300 பைட் ஆனாலும்.

மாதம் 60,000 ஆர்டர், நான்கு சப்ஸ்கிரிப்ஷன். ஒரு முறை அனுப்ப, நான்கு முறை வாங்க, ஆக 3 லட்சம் கோரிக்கை, 0.3 ஜிபி. ஒரு காசும் இல்லை. பத்து மடங்கு வளர்ந்தாலும் இல்லை.

பணம் வேறு பக்கம் போகும். முடித்த மெசேஜையும் சேர்த்து வை என்று சொன்னால் அதற்குச் சேமிப்புக் கட்டணம். சர்வர் மும்பையிலும் மற்றொன்று வேறு நாட்டிலும் இருந்தால் நெட்வொர்க் கட்டணம். பிறகு லாக். ஒவ்வொரு மெசேஜுக்கும் அதன் ஆர்டர் விவரம் முழுவதையும் லாக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் 50 ஜிபி வரை லாக் இலவசம், மேலே ஜிபிக்கு அரை டாலர். லாக் பெருத்தால் மெசேஜுக்குப் பூஜ்யம், லாக்குக்குப் பில் என்று வரலாம். அதோடு வாடிக்கையாளர் போன் எண்கள் எல்லாம் லாக்கில். நிகழ்வு எண்ணை மட்டும் எழுதுங்கள்.

11. லைவ் போகும் வாரம்

கோடு எழுதுவது இரண்டு நாள் என்றால் முழு வேலைக்கு இரண்டு வாரம் கேளுங்கள். பழைய வழியை உடனே எடுக்காதீர்கள். முதலில் எஸ்எம்எஸ்ஸை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட விடுங்கள். பில் கடைசி. மாதக் கடைசியிலோ மார்ச்சிலோ பில்லைத் தொடாதீர்கள்.

டெப்ளாயின்போது பழைய சர்வருக்கு நிறுத்தச் சிக்னல் வரும். கோடை ஓட்டித் தரும் கூகுளின் கிளவுட் ரன்னில் அதன் பிறகு 10 விநாடிதான், குபர்னெட்டீஸில் இயல்பாக 30. சிக்னல் வந்ததும் புதிதாக வாங்குவதை நிறுத்தி, கையில் உள்ளதை முடித்துவிட்டு வெளியேறும்படி எழுதுங்கள்.

கண்காணிப்புக்கு ஒரே ஒரு எண் போதும் என்றால் நான் சொல்வது, ஒவ்வொரு சப்ஸ்கிரிப்ஷனிலும் இன்னும் முடிக்காத மிகப் பழைய மெசேஜின் வயது. எண்ணிக்கை ஏறி இறங்கும், தீபாவளியில் ஏறத்தான் செய்யும். வயது ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஏதோ நின்றுவிட்டது. அதற்கும், ஓரப் பெட்டியில் ஒரு மெசேஜ் விழுந்தாலும் போனுக்கு எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

கடைசிச் சோதனை, லைவுக்கு முந்தைய நாள். சோதனைச் சூழலில் நூறு ஆர்டர் போடுங்கள். பில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கில் மைனஸ் 9 போட்டுக் கொல்லுங்கள், எழுப்புங்கள், மறுபடி கொல்லுங்கள். அவுட்பாக்ஸ் டேபிளில் டிக் போட்ட வரிகளில் இருபதின் டிக்கை அழித்து மறுபடி அனுப்ப விடுங்கள். எல்லாம் அடங்கியதும் பில் டேபிளை எண்ணுங்கள். நூறு வர வேண்டும். எங்களுக்கு முதல் முறை நூறைத் தாண்டி வந்தது. "முடித்தவை" டேபிளில் யூனிக் போட மறந்திருந்தேன்.